போடியார் ஏறிய சின்னக் கார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும், ஒரு சின்னக் காரின் உட்புறத்தைப் பார்த்து மதிப்பிடுவது எப்படி என்று எழுதித் தரும்படி முதலாளி கேட்டிருக்கிறார். அதற்கு நான் புதிதாக எழுதத் தேவையில்லை. என் பழைய மேசையின் இரண்டாவது லாச்சியில் நாற்பத்தொரு அம்சங்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. டேஷ்போட்டை எந்தப் பதினொரு இடங்களில் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், கதவை எத்தனை தரம் சாத்திச் சத்தம் கேட்க வேண்டும் (மூன்று தரம்; இரண்டு போதாது), உச்சி வெயிலில் நின்ற காரை ஏசி எத்தனை நிமிடத்தில் குளிர்விக்க வேண்டும், எல்லாம் அதில் உண்டு. லாச்சியின் சாவியைப் போன வியாழக்கிழமை உங்களில் ஒருவரிடம் கொடுத்தேன். யாரிடம் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வாங்கியவருக்கு நினைவிருக்கிறதா என்பதுதான் என் கவலை.

இங்கே எழுதப் போவது அந்தப் பட்டியலில் இல்லாதிருந்த ஒன்றைப் பற்றி. நான் ஓய்வு பெறுவதற்குப் பதினொரு மாதங்களுக்கு முன்னர் நடந்தது. அப்போது இந்தக் கல்முனை கார் சேலில், கார் விற்கும் இதே இடத்தில், எனக்கு இருபத்தொன்பது வருட அனுபவம். உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாலே கார் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை மருதமுனையிலிருந்து நஸீமா என்றொரு பெண் வந்தார். வயது ஐம்பது இருக்கும். வீட்டில் ஆறு கைத்தறி வைத்து ஆட்களைக் கொண்டு நெய்விக்கிறவர். நான்கு மாதத்துக்கு முன்னர் கார் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்திருந்தார். சேலுக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. எஞ்சின் பற்றியும் கேட்கவில்லை, எரிபொருள் பற்றியும் கேட்கவில்லை.

"காக்கா, எனக்கு வடிவு தேவல்ல. எங்கட வீட்டுக்காரர் தானா ஏறணும், தானா இறங்கணும். அதுக்கு ஒரு கார் காட்டுங்க" என்றார், என்னை அண்ணன் முறையில் அழைத்து.

கதையை அவரே சொன்னார். கணவர் ஆதம்பாவா போடியார் ஊரறிந்த பெரிய நிலக்காரர். இறக்காமத்தில் வயல். ஏழு மாதத்துக்கு முன்னர் வாய்க்காலைக் கடக்கும்போது உழவு மெசினிலிருந்து விழுந்து இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்து ஆணி அடித்து, இனி அந்தக் கால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைத்தடியோடு தெருமுனைப் பள்ளிவாசல் வரை நடப்பார், கதிரையில் உட்கார்ந்து தொழுவார், திரும்பி வருவார். அதற்கு அப்பால் எங்கும் போவதில்லை.

போக முடியாமல் அல்ல, போக விரும்பாமல். ஆஸ்பத்திரியில் இருந்து கிளினிக் முடிந்து வரும்போது இரண்டு பேர் அவரைத் தூக்கி ஓட்டோவுக்குள் வைத்திருக்கிறார்கள். நீட்டிய கால் உள்ளே போகவில்லை. இழுத்த இழுப்பில் இடுப்பில் உடுத்த சாரன் தொடை வரை ஏறிவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள். நாற்பது வருடமாகத் தலைப்பாகை கட்டி வரம்பில் நின்று ஆட்களை வேலை வாங்கியவர். அன்று வீட்டுக்கு வந்து, இனி ஒருவர் கை தன்மேல் பட்டு எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இரண்டு கிளினிக் தவறிவிட்டது. வயலில் வெள்ளாமை வெட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. விழுந்ததற்குப் பிறகு அந்த வயலை அவர் கண்ணால் காணவில்லை.

"வெட்டுக்கும் போகல்லயெண்டா, அவர் அப்பிடியே வீட்டுக்குள்ள இருந்திருவார் காக்கா. எனக்கு அது விளங்குது" என்றார் நஸீமா. அழவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒருவர் வந்து நிற்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். சேலில் நின்றவற்றில் மிகச் சிறந்ததைக் காட்டினேன். கப்பலில் வந்து இறங்கிப் பன்னிரண்டு நாளே ஆன சிவப்பு ஹேட்ச்பேக். என் நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது அதில் தேறியிருந்தது. டேஷ்போட் விரல் பட்டால் அமுங்கும். நடுவில் பெரிய திரை. நான்கு பக்கமும் கமரா. ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தனித்தனி ஏசி. சீற்றைச் சூடாக்கும் பொத்தான்கூட உண்டு. கல்முனையில் அதை யார் அமுக்குவார் என்பது வேறு விஷயம். பந்தயக் கார் மாதிரி இரண்டு பக்கமும் மேடு கட்டி, உட்கார்ந்தவரை அணைத்துப் பிடிக்கும் சீற்.

நஸீமா அத்தனையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளங்கையால் சீற்றின் துணியை ஒரு தரம் தடவினார். "இது சொரசொரப்பான நெசவு. இதில சாரன் ஒட்டும்" என்றார். இது கழுவினாலும் நிறம் போகாத துணி என்று நான் பதில் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கு விளங்க மூன்று நாள் ஆனது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தச் சிவப்புக் காரை மருதமுனைக்கு ஓட்டிப் போனேன். வீட்டு வாசலில் போடியார் வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரனும் உடுத்து நின்றார். நெடிய மனிதர். அதுவும் என் பட்டியலில் இல்லாத ஒன்று. ஆளின் உயரத்தை நான் கேட்கவே இல்லை.

கதவைத் திறந்து கொடுத்தேன். முதுகைக் காருக்குக் காட்டி நின்று மெல்ல உட்காரப் பார்த்தார். கார் தாழ்வு. கடைசி ஆறு அங்குலம் விழுந்துதான் உட்கார வேண்டியிருந்தது. விழுந்த இடமும் சீற்றின் நடு அல்ல, பக்கத்து மேடு. வலது காலை உள்ளே எடுத்துவிட்டார். இடது கால் தடி மாதிரி வெளியே நீட்டி நின்றது. அது உள்ளே வர வேண்டுமானால் உடம்பு இன்னும் ஒரு அடி உள்ளே நகர வேண்டும். மேடு விடவில்லை. மேட்டைத் தாண்டி எழும்பப் பார்த்தால் துணி சாரனைப் பிடித்துக்கொண்டது. ஆள் நகர்ந்தாலும் சாரன் நகரவில்லை. அவர் இடது கை சாரனை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு கையால் எவ்வளவு உன்ன முடியும்?

இதற்கிடையில் திறந்த கதவுக்காக டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டிருந்தது. காருக்குள் ஜப்பான்காரப் பெண் ஒருத்தியின் பதிவுக் குரல் வேறு மிக அன்பாக எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது.

"என்னவாம் அவ?" என்று கேட்டார் போடியார்.

ஏதோ ஒரு அட்டை செருகவில்லை என்கிறாள், அது ஜப்பான் ரோட்டில் கட்டணம் கட்டத்தான், நமக்குத் தேவையில்லை என்றேன். விளக்கம் சொல்ல அது நேரமல்ல என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

எதிர் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் நல்ல மனதோடு ஓடி வந்தார்கள். போடியார் கையை உயர்த்தினார். "தொடப்படாது" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். பிறகு கதவின் சட்டத்தைப் பிடித்து எழும்பி, சாரனைச் சரி பண்ணி, கைத்தடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

உள்ளேயிருந்து ஒரு தறியின் சத்தம் மட்டும் கேட்டது. நஸீமா என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், காரைப் புகழாமல் இருந்தது. உள்ளே போய் அவர் எதிரில் இருந்து, பிழை காரிலும் என்னிலும்தான், உங்கள் காலில் அல்ல, இன்னொரு தரம் வர விடுங்கள் என்று கேட்டேன்.

"ஒரு தரம். அதுக்குப் பொறகு இந்த வீட்டில கார்க் கதை எடுக்கப்படாது. இவவுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்" என்றார் போடியார்.

திரும்பி வந்து அன்று மாலை ஒரு வேலை செய்தேன். உங்களையும் செய்யச் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஒரு சாரனை எடுத்து வந்து உடுத்தேன். இடது காலில் தரை கூட்டும் தும்புத்தடியின் பிடிகள் இரண்டை வைத்து, மடங்காதபடி துணியால் கட்டினேன். சேலில் நின்ற பதினான்கு சின்னக் கார்களிலும் இடப்பக்க முன்சீற்றில் ஏறி இறங்கினேன். முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது காரில் நான் விழுந்தபோது வெளியே வந்து, "காக்கா, சீனி வருத்தம் கூடிட்டா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகு அவரே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினான்கில் ஏற முடிந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அரைகுறையாக. மூலையில் நின்ற வெள்ளைக் கார். காரைதீவில் ஒரு வங்கி உத்தியோகத்தர் நான்கு வருடம் ஓட்டிய, பதிவு செய்த கார். என் பட்டியலில் இருபத்தாறுதான் எடுத்திருந்தது. டேஷ்போட் தட்டினால் வாளி மாதிரிச் சத்தம் கேட்கும். திரை என் கைத்தொலைபேசி அளவு. ஆனால் கூரை உயரம், கதவு அகலம், சீற் பாய் மாதிரிச் சமமாக, நிற்கும் ஆளின் தொடை உயரத்துக்கு இருந்தது. முன்சீற்றைப் படி படியாக எண்ணிப் பின்னால் தள்ளி முதுகைச் சாய்த்துவிட்டால் கால் உள்ளே வர ஒரு சாண் இடைவெளி கிடைத்தது. கடைசி நகர்வு மட்டும் கஷ்டம். என்னைவிட அவருக்குக் கையில் வலு உண்டு, சமாளிப்பார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. அதே வாசல். அதே வெள்ளைச் சேர்ட். இந்தத் தரம் எதிர் வீட்டு ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலால் பார்த்தார்கள்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் புதுக் கார் வாங்குகிறவர்கள் சீற்றின் பொலித்தீன் உறையைக் கழற்றுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கார் பழசானாலும் சீற் புதுசாக இருக்க வேண்டும். வங்கி உத்தியோகத்தரும் நான்கு வருடம் கழற்றவில்லை. உறை மஞ்சள் நிறமாகியிருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. இந்த வெக்கையில் பொலித்தீனில் உட்கார்ந்தால் முதுகு நனையும், அசைந்தால் சத்தம், துணியின் தரம் கண்ணுக்குத் தெரியாது. விற்ற கார்களில் எல்லாம் நானே கழற்றிவிடுவேன். சேலில் வைத்து மூன்று சீற்றில் கழற்றியிருந்தேன். முன்பக்க இடது சீற்றின் உறை மட்டும் தலையணைக் கம்பியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அந்த உறை மேலேதான் நான் சாரனோடு ஏறி இறங்கிப் பார்த்தது. அதுவும் என் நினைவில் இல்லை.

போடியார் வாசலைத் தாண்டி வரும்போது அந்த அசிங்கம் என் கண்ணில் பட்டது. அவர் வந்து சேர்வதற்குள் கத்தரிக்கோலால் வெட்டி, உருவி, கசக்கிப் பின்சீற்றில் எறிந்தேன். சுத்தமான சீற்றைக் கையால் தட்டியும் விட்டேன்.

அவர் உட்கார்ந்தார். உயரம் சரியாக இருந்தது, விழவில்லை. வலது கால் உள்ளே வந்தது. இடது கால் காரின் கதவு வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. இன்னும் அரையடி உள்ளே போக வேண்டும். உன்னினார். துணி சாரனைப் பிடித்தது. மறுபடி உன்னினார். நெற்றியில் வேர்வை. ஓட்டுநர் சீற்றில் ஏற்கனவே ஏறி அமர்ந்திருந்த நஸீமா கையை நீட்டப் போய், நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையை மடியில் வைத்திருக்க அவருக்கு எவ்வளவு பாடு என்று நான் பார்த்தேன். நானும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாம் தரம் உன்னுவதற்கு முன்னர் போடியார் நின்று மூச்சு வாங்கினார். அவர் கண் வீட்டு வாசலை நோக்கிப் போனதைக் கண்டேன். எழும்பினால் அதோடு முடிந்தது.

உண்மையைச் சொல்லியே கேட்டுவிட்டேன். "போடியார், எனக்கு இதுக்கு மேல தெரியா. நீங்க சொல்லுங்க, என்ன செய்வம்?"

அவர் என்னைப் பார்த்தார். அதற்கு முன்னர் ஏழு மாதமாக எல்லாரும் அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். திரும்பிப் பின்சீற்றைப் பார்த்தார்.

"உழவு மெசின் பெட்டியில நெல் மூட்டை ஏத்திரிக்கீங்களா காக்கா?"

இல்லை என்றேன்.

"பாத்தாலே தெரியுது. ஒரு மூட்டைய மரப்பலகையில இழுத்தா ரெண்டு பேர் வேணும். யூரியா பேக்கின்ட உள்ளுறைய அடியில போட்டா ஒரு ஆள் காணும். வழுக்கிட்டுப் போகும். நீங்க வழுக்கிறத வெட்டி எறிஞ்சிட்டு என்ன ஏறச் சொல்லுறீங்க. அந்தப் பொலித்தீன இஞ்ச தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தைத் தூக்கித் தானே அடியில் விட்டுக்கொண்டார். கூரைப் பிடியில் இடது கையைப் போட்டார். உன்னவில்லை, சும்மா பின்னால் சாய்ந்தார். உடம்பு சறுக்கிக்கொண்டு உள்ளே போனது, சாரனும் கூடவே போனது. இடது கால் கதவுச் சட்டத்தில் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் திரும்பி உள்ளே வந்து டேஷ்போட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டது. எட்டு வினாடி ஆகியிருக்காது.

பொலித்தீனை உருவி மடித்துக் கதவுப் பையில் வைத்தார். பெல்ட்டைப் போட்டார். கதவைத் தானே சாத்தினார். (உங்கள் குறிப்புக்கு: ஏறியதும் உருவிவிட வேண்டும். பிரேக் பிடித்தால் ஆள் முன்னால் வழுக்குவார். இதைச் சொல்லாமல் யாருக்கும் இந்த வழியைச் சொல்லாதீர்கள்.)

ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "ஒரு சுத்துப் போயிட்டு வாறம்" என்றார்.

ஒரு சுற்று என்றால் தெருவைச் சுற்றி நான்கு நிமிடம். நான் வாசலில் நின்று பார்த்தேன். நான்கு, எட்டு, பதினைந்து நிமிடம் போனது. கார் வரவில்லை. நஸீமாவுக்கு அழைத்தேன். தொலைபேசி வீட்டுக்குள் தறிக்குப் பக்கத்தில் அடித்தது. கார் முதலாளியுடையது. கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. ஓட்டுவது நான்கு மாத லைசன்ஸ். பக்கத்தில் இருப்பவர் ஏழு மாதத்துக்குப் பிறகு வெளியே போகும் மனிதர். இருபத்தோராவது நிமிடம் என் தொலைபேசி அடித்தது. முதலாளி. மருதமுனையிலிருந்து வயல் இருக்கும் இறக்காமம் போவதென்றால் நம் சேலுக்கு முன்னால்தான் போக வேண்டும் என்பது அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது.

"காக்கா, நம்மட வெள்ளக் கார் இப்ப வாசலால போகுது. ஆரோ பொம்புள ஓட்டுறா. நீங்க எங்க?"

"நான் மருதமுனையில."

"அப்ப காருக்குள்ள ஆரு?"

இந்தத் தொழிலில் யோசிக்க நேரம் கிடைக்காத கேள்விகள் உண்டு. கிடைத்திருந்தால் நான் பிழையான பதிலைச் சொல்லியிருப்பேன்.

"கார்ர சொந்தக்காரர்" என்றேன்.

"நல்லா ஓட்டுறா" என்று சொல்லி முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டார்.

நண்பகல் லுஹர் தொழுது, அவர்கள் வீட்டில் தறி நெய்யும் பெண்கள் தந்த சோற்றையும் சாப்பிட்டு, பிற்பகல் அஸர் தொழுத பிறகும் காத்திருந்தேன். வெள்ளைக் கார் நாலரைக்கு வந்தது. வெள்ளையாக வரவில்லை. சில்லுகள் சேறு, கதவுகள் சேறு. போடியார் கதவைத் திறந்து, பொலித்தீனை அடியில் விட்டு, ஏறிய மாதிரியே இறங்கினார். கைத்தடியில் வரம்புச் சேறு காய்ந்திருந்தது. டேஷ்போட் முழுக்க நெற்சுணைத் தூசி. அந்த வாளிச் சத்த டேஷ்போட்டில் அது துடைத்தால் போய்விடும். சிவப்புக் காரின் மெத்தை டேஷ்போட்டில் போயிருக்காது. இதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

"தெற்கு மூலைய யானை மிரிச்சிரிக்கி. எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லல்ல" என்றார் என்னிடம். முறைப்பாடு மாதிரித்தான் சொன்னார். ஆனால் முகம் முறைப்பாட்டு முகமாக இல்லை. "கிழக்குப் பக்கம் முத்திட்டு, சொன்ன நாள் வரைக்கும் தாங்காது. வெள்ளிக்கிழம ஜும்மா, வெட்டேலா, சனிக்கிழம வெட்டணும். வெட்டு மெசின்காரனுக்குச் சொல்லிட்டுத்தான் வாறன்."

நஸீமா ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அதன்மேல் தலையை வைத்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழி முழுக்க பிறேக்கப் புடி, பிறேக்கப் புடியெண்டு ஒரே ஏச்சு காக்கா. ஏழு மாசத்துக்குப் பொறகு இண்டைக்குத்தான் இவர் என்ன ஏசினார்."

விற்பனைக்கான காகித வேலைக்காக நான் கல்முனைக்குத் திரும்ப வேண்டும். ஓட்டோ பிடிக்கிறேன் என்றேன். போடியார் கேட்கவில்லை. கொண்டுபோய் விடுகிறோம் என்று சொல்லி மறுபடி ஏறிவிட்டார். ஏறிப் பார்ப்பதற்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். டிக்கியில் வைக்கோல் சாக்கு இரண்டு. பின்சீற்றில் நஸீமாவுக்குப் பின்னால் தேங்காய் மூட்டை ஒன்று, வயற்காவல்காரர் கொடுத்தது. எனக்கு மிச்சமிருந்தது போடியாருக்குப் பின்னாலுள்ள இடம். பின்னாசனத்தில் முழங்காலுக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்று வாங்க வருகிறவர்களுக்கு நான் அளந்து காட்டுவது வழக்கம். அன்று அளக்க இடமிருக்கவில்லை. இரண்டு முழங்காலும் முகவாய்க்கு நேரே வந்து நின்றன.

பாண்டிருப்பைத் தாண்டும்போது போடியார் திரும்பாமலே கேட்டார்.

"காக்கா, பின்னால சுகமா இரிக்கீங்களா?"

"ஓம் போடியார். நல்ல இடம் கிடக்கு" என்றேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளலாம் போல" என்று சொல்லி, சீற்றுக்கு அடியில் இருக்கும் பிடியைக் கையால் தேடினார். அந்தச் சீற் பின்னால் போக இன்னும் இரண்டு படி மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை எண்ணிப் பார்த்தவன் நான்தான்.